உடைந்த பிஸ்டன்களைப் பார்க்கப் போன கதை

திங்கள் – கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஓமாரு

நியூசிலாந்து என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஏரி, பனிமலை, ஆட்டு மந்தை என்று பட்டியல் போட்டார்கள். எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது ஒரு பலகை. தென் தீவின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே நட்டு போல்ட், பெயின்ட், தோட்டச் சாமான் விற்கிற ஒரு ஹார்டுவேர் கடை. அந்தக் கடைக்குள், மோட்டார் சைக்கிள் வேக ரெக்கார்டுக்குப் பேர் போன பர்ட் மன்றோ என்ற மனிதர் தன் மோட்டார் சைக்கிளில் உடைத்துத் தள்ளிய பிஸ்டன்களும், பிஸ்டனை எஞ்சின் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடுகளும் வரிசையாக இருக்கின்றன. தன் ஷெட்டில் அவற்றை அடுக்கி வைத்திருந்த பலகைக்கு அவர் எழுதிய வாசகம்: ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’.

கோவையில் பாதி ஆயுளை லேத் பட்டறையில் கழித்தவன் நான். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது, வேறு யாரோ கெடுத்து வைத்த வேலையைச் சரி பண்ணிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. ஒரு பட்டறைக்காரன் எதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்கிறான் என்று பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு ஆர்வம் உண்டு. சாமி படம், பழைய காலண்டர், முதல் சம்பளத்தில் வாங்கிய வெர்னியர் எல்லாம் எந்தப் பட்டறையிலும் இருக்கும். பிஸ்டனை ஆஷ்ட்ரே ஆக்கியவர்களும் ஏராளம். உடைந்த சாமானுக்கென்றே ஒரு பலகை ஒதுக்கி, அதற்குப் பெயரும் எழுதி வைத்த ஆள் எனக்குத் தெரிந்து மன்றோ ஒருவர்தான்.

மனைவி தன் தம்பி வீட்டில் தங்கிவிட்டாள். தம்பி, அதாவது என் மச்சினன், வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டான். இங்கே லாரி பட்டறையில் டீசல் மெக்கானிக்காக இருக்கிறான். மனைவியைவிட இவன்தான் இந்தப் பயணத்துக்குச் சரியான ஆள்.

கிறைஸ்ட்சர்ச்சை விட்டுத் தெற்கே இறங்கினால் கேன்டர்பரி சமவெளி. மேடு பள்ளமே கிடையாது. ரகாயா ஆற்றின் மேல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம். கீழே கூழாங்கல்லும் நடுவில் நாலைந்து நீர்க்கோடுகளும். பாலம் முடிவதற்குள் மச்சினன் மன்றோ கதையை எடுத்துவிட்டான். ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்து 2005-ல் வந்த படத்தை அவன் பார்த்திருக்கிறான்.

“கிழவர் ஒரே ஒரு தடவை அமெரிக்கா போய் ரெக்கார்டு அடிச்சிட்டு வந்துட்டார், அதானே மாமா?”

படத்துக்கு அது போதும். நிஜத்தில் அவர் 1962-லேயே யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புத்திடலில் ரெக்கார்டு வைத்தவர். மணிக்கு 288 கிலோமீட்டர். அதற்குப் பிறகும் பல தடவை போனார். 1966-ல் இன்னொன்று, 1967-ல் கடைசியாக ஒன்று. அந்த 1967-ல் அவருக்கு வயது 68, வண்டிக்கு 47. 1920-ல் இன்வர்கார்கிலில் புதிதாக வாங்கிய இந்தியன் ஸ்கவுட். பெயர்தான் இந்தியன், அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபோது அது 600 சிசி. முக்கி முனகி மணிக்கு 88 கிலோமீட்டர் போகும்.

சாயங்காலம் ஓமாரு. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய கட்டடங்கள் ரொம்ப அழகு. துறைமுகம் பக்கம் ஸ்டீம்பங்க், அதாவது நீராவிக் காலத்து இயந்திரங்களை வைத்துக் கற்பனை பண்ணுகிற கண்காட்சி ஒன்று இருக்கிறது. பழைய ரயில் எஞ்சின், குழாய்கள், மண்டையோடு, பல்சக்கரம் எல்லாவற்றையும் வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ஒட்டவில்லை. எந்தச் சக்கரத்தையும் சுற்றாத பல்சக்கரத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது. அதைக் கழற்றி எங்காவது உருப்படியாக மாட்டலாமே என்று தோன்றுகிறது.

செவ்வாய் – ஓடுரஹுவா

நேராக இன்வர்கார்கில் போயிருக்கலாம். ஆனால் அந்த ஹார்டுவேர் கடையின் வேர் உள்நாட்டில், ஓடுரஹுவா என்ற சின்னக் கிராமத்தில் இருக்கிறது. பாமர்ஸ்டனில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே ஏறினோம். மரம் கிடையாது, மஞ்சள் புல்லும் பாறையும்தான். மார்ச் மாதம் இங்கே இலையுதிர் காலத் தொடக்கம். வெயில் இருந்தும் காற்று காதைக் கிள்ளியது.

எர்னஸ்ட் ஹேய்ஸ் 1895-ல் இங்கே தொடங்கிய தொழிற்சாலையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தகரக் கூரை, மண் தரை. கூரைக்கு அடியில் நீள ஷாஃப்ட் ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்குகிறது. முதலில் இதை ஓட்டியது காற்றாலை, 1927-லிருந்து தண்ணீர் வேகத்தில் சுற்றுகிற பெல்டன் சக்கரம். எங்கள் ஊரிலும் நான் வேலை பழகிய காலத்தில் ஒரே மோட்டாரில் நாலு லேத் ஓட்டிய பட்டறைகள் இருந்தன. பெல்ட் தடம் மாறும்போது வருகிற ‘சளப்’ சத்தத்தை மச்சினனுக்குச் செய்து காட்டினேன். அன்று மெஷின் ஓடும் நாள் இல்லை. அந்தக் குறையை என் வாய்தான் தீர்த்தது.

ஹேய்ஸ் முதலில் செய்தது முயலுக்கு விஷத்தீனி வெட்டுகிற கருவி. அப்போது இந்த வட்டாரத்தில் முயல் தொல்லை அப்படி. பிறகு வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி செய்தார். ஹேய்ஸ் கம்பி முறுக்கி இன்றைக்கும் பண்ணைகளில் புழங்குகிறது. ஆனால் இவர் செய்ததை விற்றது யார்? அவர் மனைவி ஹன்னா. சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்திருக்கிறார். நாங்கள் காரில் ஏறி வந்த அதே மேடுகள். அந்தக் காலத்து நீளப் பாவாடையோடு, தார் காணாத பாதையில் ஏறியிருக்கிறார். கருவி கண்டுபிடித்தவரை எல்லா ஊரும் கொண்டாடும். ஆர்டர் பிடித்து வந்தவர் இல்லை என்றால் அந்தக் கருவி அவர் பட்டறையிலேயே துருப்பிடித்திருக்கும். தொழில் செய்தவனுக்கு இது புரியும்.

இவர்கள் மகன் இர்விங் 1932-ல் இன்வர்கார்கிலில் தொடங்கியதுதான் நாளை நாங்கள் போகப் போகிற கடை.

பட்டறையில் என்னை நிறுத்தியது சுவரை ஒட்டி இருந்த மர வார்ப்பு அச்சுகள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மர உரு. அதை மணலில் அமுக்கி எடுத்துவிட்டு இரும்பை ஊற்றுவார்கள். பல அச்சுகளின் மூலையில் கை பட்டுப் பட்டு மரம் மழுங்கிப் பளபளப்பாகிவிட்டது. இரும்புச் சாமானெல்லாம் விற்றுப் போயிருக்கும். மரம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

புதன் – இன்வர்கார்கில்

அலெக்சாண்ட்ரா, ராக்ஸ்பர்க் வழியாகப் பழத்தோட்டங்களைத் தாண்டி, கோர் ஊரில் முதன்மைச் சாலையைப் பிடித்தோம். அங்கிருந்து இன்வர்கார்கில் வரை பசும்புல். வழியில் ஈடன்டேல். இப்போது அங்கே பெரிய பால் தொழிற்சாலை. மன்றோ வளர்ந்த பண்ணை இந்தப் பக்கம்தான். 1899-ல் இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறப்பிலேயே இறந்துவிட்டது. இவரும் இரண்டு வயதைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். தாண்டியது மட்டுமில்லை, 78 வயது வரை இருந்தார்.

டீ ஸ்ட்ரீட்டில் இருக்கிறது ஈ. ஹேய்ஸ் அண்டு சன்ஸ். மியூசியம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவோம். உள்ளே நுழைந்ததும் சமையல் பாத்திரம், ஸ்பேனர் செட், பூட்டு, கயிறு. அதற்கு நடுவில், சாமான் அடுக்குகளுக்கு இடையே, பழைய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் எஞ்சின்களும். டிக்கெட் கிடையாது. கீல் வாங்க வந்த ஒரு பெரியவர் 1920-களின் வண்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய் தன் கீலைத் தேடி எடுத்தார். தினம் பார்க்கிற பொருளைப் போல அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடி மாளிகையில் வைத்தால் வண்டி சிலையாகிவிடும். இங்கே ஆணி வாங்கும் சத்தம் அதைச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மன்றோவின் வண்டி தாழ்வாக, நீளமாக, சிவப்பாக நிற்கிறது. படத்துக்காகச் செய்த நகலும் இருக்கிறது. அசல் எது என்று தெரிந்துகொள்ள எஞ்சின் பக்கம் குனிந்தால் போதும். கம்பெனியிலிருந்து வந்தபோது இது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சைடு வால்வு எஞ்சின். இவர் வால்வுகளை மேலே ஏற்றி அதை ஓவர்ஹெட் வால்வாக மாற்றினார். வால்வைத் திறக்கிற கேம் இரண்டு இருந்த இடத்தில் தானே செய்து நாலு கேம் போட்டார். ஃப்ளைவீல், பிஸ்டன், ஆயில் ஓட்டம் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. 600 சிசியாக வந்த எஞ்சின் 1967-ல் 950 சிசி.

எப்படிச் செய்தார் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம். பிஸ்டனைப் பழைய தகர டப்பாவில் வார்த்தார். சிலிண்டர் பேரலுக்கு, வீதியில் கேஸ் போகிற பழைய வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துக் கடைந்தார். கனெக்டிங் ராடுக்கு கேட்டர்பில்லர் டிராக்டரின் ஆக்சிலை அறுத்து, அரத்தால் ராவி, பிறகு பதம் போட்டார். லேத்தில் பிடித்து ராடு செய்வதே வேலை. அரத்தால் ராவி, இரண்டு ராடும் ஒரே எடையில் வருகிற மாதிரி செய்ய வேண்டும் என்றால் மாதக்கணக்கில் ஆகும். ராவுகிறபோது கை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு.

அப்படி மாதக்கணக்கில் செய்த ராடு போனவில் உப்பில் அரை நிமிஷத்தில் முறியும். முறிந்தது இந்தப் பலகைக்கு வரும்.

பலகைப் பக்கம் வந்துவிட்டோம். மச்சினன் பேசவில்லை. நானும் பேசவில்லை, ஆனால் காரணம் பக்தி இல்லை. இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை. ஓரம் உருகி வழிந்து உறைந்திருக்கிறது. எரிபொருள் போதாமல் கலவை வறண்டிருக்க வேண்டும், அல்லது தீப்பொறி வருவதற்கு முன்னாலேயே எங்கோ சூடேறிப் பற்றியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒன்றின் இடுப்பில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறல், அலுமினியம் இழுபட்டு ஒட்டியிருக்கிறது. இது ஜாம் ஆனது. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் விட்ட இடைவெளி சூட்டில் போதவில்லை. இன்னொன்றில் ரிங் உட்காரும் வரம்பு நொறுங்கியிருக்கிறது. டெட்டனேஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் வெடித்து அடித்த அடி. கொஞ்சம் தள்ளி ஒரு ராடு, பாதியில் முறிந்தது. முறிந்த முகத்தில் ஒரு ஓரம் வழவழப்பு, மீதி சொரசொரப்பு. வழவழப்பான பக்கம்தான் முதலில் விரிசல் விட்ட இடம். அது நாள் கணக்கில் மெதுவாக ஊர்ந்து வந்திருக்கும். சொரசொரப்பு ஒரே நொடியில் போனது.

“மாமா, இதெல்லாம் ஒரே வண்டியில இருந்து கழட்டினதா?”

இந்தியனிலிருந்து வந்தவையும் இருக்கும், அவருடைய இன்னொரு மோட்டார் சைக்கிளான 1936 வெலோசெட்டிலிருந்து வந்தவையும் இருக்கும். இரண்டு வண்டியையும் ஒரே வெறியோடுதான் திருத்திக்கொண்டே இருந்தார். வேலையையும் விட்டுவிட்டு, குடும்பமும் பிரிந்த பிறகு, ஒரு ஷெட்டில் தனியாகக் கட்டில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில். லேத், கட்டில், வண்டி, இந்தப் பலகை. வேறென்ன வேண்டும் என்று சிலர் கேட்கலாம்; எனக்கு அப்படிக் கேட்க மனசு வரவில்லை. அவருக்கு நாலு பிள்ளைகள். அந்த ஷெட்டின் கதையைச் சொல்கிறவர்கள் பிள்ளைகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் மகன் ஜானைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

1967 ரெக்கார்டு மணிக்கு 183.586 மைல் என்று பதிவாகியிருந்தது. போகிற ஓட்டம், திரும்புகிற ஓட்டம் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருப்பதை ஜான் கண்டுபிடித்தார். அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 2014-ல் அதை 184.087 மைலாகத் திருத்தியது. அதாவது மணிக்கு 296 கிலோமீட்டர். அப்பா இறந்து 36 வருஷத்துக்குப் பிறகு மகன் வாங்கிக் கொடுத்த அரை மைல்! பழைய தாள்களை எடுத்து, கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தோன்றும்?

நாம் ஆயுத பூஜைக்கு ஓடுகிற மெஷினைத் துடைத்துத்தான் பொட்டு வைப்போம். உடைந்தது அதற்கு முந்தின வாரமே எடைக்குப் போயிருக்கும். என் பட்டறையிலும் அதே கதைதான். ஸ்கிராப் டப்பா நிறைந்தால் ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவான், கிலோவுக்கு இவ்வளவு என்று. மன்றோ பொட்டு வைத்தது முறிந்ததற்கு. இது அவருடைய குசும்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரோஜர் டொனால்ட்சன் 1971-ல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்த வாசகத்தையே பெயராக வைத்தார். பின்னால் 2005 படத்தை எடுத்தவரும் அவர்தான். வாசகம் அவ்வளவு பிரபலம். எல்லோரும் சிரித்துவிட்டுப் போகிற ஜோக்.

பலகை முன்னால் நின்றபோது எனக்கு வேறு மாதிரி பட்டது. வரைபடம் போட்டு வேலை செய்த ஆள் இல்லை அவர். சோதனைக்கூடம் கிடையாது, உலோகத்தைப் பரிசோதித்துச் சொல்ல ஆள் கிடையாது. எந்த இடத்தில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் முறிந்த பாகங்கள். அடுத்த ராடு செய்கிறபோது எங்கே தடிமன் கூட்ட வேண்டும், எங்கே சதையைக் குறைக்கலாம் என்று பார்க்க, முந்தினதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எடைக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கும் சேர்ந்து போயிருக்கும். ஞாபகத்துக்கு வைத்திருந்தார் என்று சொல்கிறார்களே, அது பாதிதான். வேலைக்கும் வைத்திருந்தார்.

இதை மச்சினனிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

“கணக்குக்கு வெச்சிருந்தா டிராயர்ல போட்டு வெச்சிருப்பார் மாமா. பேர் எழுதி, கண்ணு முன்னால வெச்சிருக்கார்னா அதுல ஏதோ பாசம் இருக்கு.”

அதுவும் சரிதான். இரண்டும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது.

1977-ல் மன்றோவுக்கு பக்கவாதம் வந்தது. கை கால் முன்போல ஒத்துழைக்கவில்லை. வண்டிகள் சவுத்லாந்து மாகாணத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று நினைத்தார். இரண்டையும் இந்தக் கடையின் நார்மன் ஹேய்ஸிடம் விற்றார். அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். 1920-ல் வாங்கிய வண்டியை 57 வருஷம் வைத்திருந்து, போவதற்குக் கொஞ்சம் முன்னால் பொறுப்பான இடமாகப் பார்த்து ஒப்படைத்திருக்கிறார். அந்த வண்டி இன்னும் அந்தக் கடையில்தான் நிற்கிறது.

வெளியே வரும்போது ஒரு அரம் வாங்கினேன். பாதி வட்ட அரம், நடுத்தரப் பல். மன்றோ படம் போட்ட பனியன்கள் தொங்கின. அது வேண்டாம் என்று தோன்றியது. அரத்தைக் கைப்பையில் வைத்தால் விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் போட வேண்டும் என்று மச்சினன் ஞாபகப்படுத்தினான்.

வியாழன் – ஒரெட்டி கடற்கரை, பிறகு ஊருக்குள்

காலையில் ஒரெட்டி கடற்கரை. ஊரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் இருக்கும். 26 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெட்டி மணல், அதன் மேல் கார் ஓட்டலாம். மன்றோ பழகிய ஓடுதளம் இதுதான். 1957-ல் இங்கே மணிக்கு 211 கிலோமீட்டரில் ஓட்டி நியூசிலாந்தின் கடற்கரை ரெக்கார்டு வைத்தார். வாடகைக் கார்களுக்குக் கடற்கரையில் இன்சூரன்ஸ் செல்லாது என்பது பொதுவான நிபந்தனை. மச்சினனின் சொந்த வண்டி என்பதால் தப்பித்தோம். அவன் 60-க்கு மேல் போகவில்லை. மணலில் அலை வரித்த கோடுகள் ஸ்டீயரிங்கை உதற வைத்தன. இதற்கு மேல் 150 கிலோமீட்டர் கூட்டிப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் சிப்பி தோண்டக் கூடாது என்று அறிவிப்புப் பலகை. டோஹெரோவா என்ற பெரிய சிப்பி இந்த மணலுக்குள் வாழ்கிறது. அள்ளித் தின்று தீர்த்துவிட்டதால் இப்போது கடும் பாதுகாப்பு. மற்றபடி காற்று, காற்று, காற்று. ஃபிளாஸ்க் காபியை வண்டிக்குள் உட்கார்ந்தே குடித்தோம்.

மத்தியானம் கிளாசிக் மோட்டார்சைக்கிள் மெக்கா என்ற மியூசியம். நூற்றுக்கணக்கில் வண்டிகள், எல்லாம் பளபளப்பு. பெரும்பாலானதை வேகமாகக் கடந்துவிட்டேன். நான் நின்றது ஜான் பிரிட்டன் வண்டி இருக்கிற இடத்தில்.

பிரிட்டன் கிறைஸ்ட்சர்ச்காரர். எழுத்துக்கூட்டிப் படிப்பதே அவருக்குச் சிரமம், டிஸ்லெக்சியா. சின்ன வயதில் நண்பனோடு சேர்ந்து பழைய இந்தியன் ஸ்கவுட் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பழுது பார்த்து ஓட்டினாராம். மன்றோ வைத்திருந்த அதே ரகம்! பெரியவரான பிறகு நாலைந்து நண்பர்களோடு, வீட்டு ஷெட்டில், உலகத்தின் பெரிய கம்பெனிகளை விரட்டுகிற ரேஸ் வண்டியைச் செய்தார். வி1000. எஞ்சின், சக்கரம், முன் ஃபோர்க் எல்லாம் சொந்தம். உடலும் சக்கரமும் கார்பன் ஃபைபர். ரேடியேட்டரை சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டார். உடலின் வடிவத்தைத் தாளில் வரையவில்லை. கம்பியை வளைத்து, சூட்டுப் பசையால் ஒட்டி ஒட்டிக் கண்டுபிடித்தார். பாகங்களுக்குப் பதம் போட மனைவியின் மண்பாண்டச் சூளையை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை எந்த மியூசியத்திலும் எழுதி வைக்க மாட்டார்கள்.

நீலமும் இளஞ்சிவப்புமாக நிற்கிறது வண்டி. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதிகப்படியாக ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்து மோட்டார் சைக்கிளில் இதைவிட அழகான வேலை கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு குறை. 1992-ல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்துக்கு முந்தின ராத்திரி சிலிண்டரின் உள் உறையான ஸ்லீவில் விரிசல் கண்டு, விடிய விடிய உட்கார்ந்து வெல்டு வைத்து மறுநாள் ஓட்டினார்கள். எல்லா வண்டிகளையும் முந்திப் போய்க்கொண்டிருக்கும்போது, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிற ரெக்டிஃபையர் பழுதாகி வண்டி நின்றுவிட்டது. பந்தயத்தில் பிரிட்டன் செய்த பாகம் எதுவும் போகவில்லை. விலை கொடுத்து வாங்கி மாட்டிய பாகம் போனது. நான் தேடியது அந்த ரெக்டிஃபையரை. விரிசல் விட்ட ஸ்லீவை. வளைத்த கம்பியை. என் கண்ணில் படவில்லை. முழுமையான வண்டி மட்டும் நிற்கிறது. நேற்று ஆணிக் கடையில் உருகிய பிஸ்டனைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்த அறை கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக இருந்தது.

இவர் வண்டி 1993-ல் மணிக்கு 302 கிலோமீட்டருக்கு மேல் ஓடி உலக ரெக்கார்டு வைத்தது. பிரிட்டன் 1995 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்தார், வயது 45. வி1000 ரகத்தில் செய்த வண்டிகள் மொத்தம் பத்து. ஒன்று வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

“அந்த பழைய இந்தியன் என்ன ஆச்சு மாமா? சின்ன வயசுல ஓட்டினது?”

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் மச்சினனின் பட்டறையிலிருந்து போன் வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு லாரி வருகிறதாம், இன்ஜெக்டர் நாலும் போயிருக்கிறதாம், நேரத்தோடு வந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றான். வைப்பதற்கு முன்னால், “கழட்டினதை எறிஞ்சிடாதீங்க, நான் வந்து பாக்கணும்” என்றும் சொன்னான். அங்கிருந்து என்ன பதில் வந்ததோ, சிரித்துக்கொண்டே போனைப் பாக்கெட்டில் போட்டான்.

ராத்திரி வண்டியின் அடிப்பக்கத்தை உப்பு போகக் கழுவினோம். நாளை காலை பிளஃப் துறைமுகம். சிப்பி சீசன் இந்த மாதம்தான் தொடங்கியிருக்கிறது, நான் சாப்பிடப் போவதில்லை, அவன் டஜன் கணக்கில் சாப்பிடுவான். அங்கிருந்து அப்படியே வடக்கே திரும்பிவிடுவோம்.